சியாட்டில் வாடகைதாரர்களும் க்ஷமா சாவந்தின் வாக்குறுதிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 நவம்பரில் நடந்த சியாட்டில் நகர மன்றத் தேர்தலில், பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் கான்லினை 3,151 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்து க்ஷமா சாவந்த் வெற்றி பெற்றார். வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சீட்டுகள் அஞ்சல் வழியே வந்து சேர்வதால் எண்ணிக்கை பல நாட்கள் நீளும். முதல் இரவில் பின்தங்கியிருந்த அவர் அடுத்தடுத்த நாட்களில் எண்ணப்பட்ட சீட்டுகளால் முன்னேறினார். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்துவந்த அவரை, தமிழ் வாசகர்களில் பலர் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் வழியாக அறிவார்கள். அச்சட்டத்தை இந்தியச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களைச் சார்ந்த செய்தியாகவே வெளியிட்டன. ஆனால் வேலைவாய்ப்பைப் போலவே வீடு வாடகைக்கு விடுவதிலும் சாதி பார்ப்பதை அது தடை செய்தது. அவருடைய பத்தாண்டுப் பதவிக்காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அந்தப் பத்தாண்டுகளில் அவர் மிக அதிகமாகப் பேசியதும், மிக அதிகமான சட்டங்களைக் கொண்டுவந்ததும் வாடகை வீட்டைப் பற்றித்தான்.

2013 பிரச்சாரத்தில் அவர் மூன்று கோரிக்கைகளை முன்வைத்தார்: மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம், வாடகைக் கட்டுப்பாடு, பெரும் பணக்காரர்கள் மீதான வரி. ஊதியச் சட்டம் 2014 ஜூனில், அவர் பதவியேற்ற ஆறாவது மாதத்திலேயே நிறைவேறியது. வாடகைக் கட்டுப்பாடு அவர் 2023 இறுதியில் பதவியை விட்டு விலகும்வரை நிறைவேறவே இல்லை. ஆனால் அதை நோக்கிய போராட்டத்தின் ஊடே உருவான சிறு சிறு சட்டங்கள் சியாட்டிலில் வாடகைக்குக் குடியிருப்பவரின் நிலையை அடியோடு மாற்றின. ஒரு வேட்பாளரின் கொள்கையை அவருடைய முதன்மையான முழக்கத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. அந்த முழக்கம் இல்லாமல் இச்சட்டங்கள் வந்திருக்குமா என்பதும் உடன் கேட்கவேண்டிய கேள்வி.

நகரத்தின் நிலை

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சியாட்டிலில் 6,08,660 பேர் இருந்தனர். 2020இல் அது 7,37,015 ஆனது. அமேசான் நிறுவனம் நகரின் நடுப்பகுதியை ஒட்டிய சவுத் லேக் யூனியனில் தன் அலுவலகங்களை அடுக்கடுக்காகக் கட்டிய காலம் இது. அதிக ஊதியம் பெறும் பல்லாயிரம் பேர் சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தனர். நகரின் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாடகை வீட்டில் இருப்பவை. குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்ட நிலத்திலோ ஏறத்தாழ முக்கால் பங்கு அப்போது தனிவீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே வந்தவர்களுக்கும் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் இடையிலான போட்டி முழுவதும் எஞ்சிய சிறு பரப்பில் நடந்தது.

இதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வங்கிகளும் நிலப் பத்திரங்களில் எழுதப்பட்ட நிறப் பாகுபாட்டு விதிகளும் கறுப்பின மக்களை நகரின் பிற இடங்களில் வீடு வாங்கவிடாமல் தடுத்ததால், அவர்கள் அந்த ஒரு பகுதியில் வாழ நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். 1970 வாக்கில் அங்கு வாழ்ந்தோரில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். இன்று அவர்கள் அங்கே சிறுபான்மையினர். ஒரு காலத்தில் வேறெங்கும் போகவிடாமல் அடைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே தெருக்களில் தங்க முடியாமல் தெற்கே கென்ட், ரென்டன் போன்ற புறநகர்களுக்குப் போகிறார்கள். 2015 முதல் நகர மன்றம் வார்டு வாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டும் கேப்பிட்டல் ஹில்லும் அடங்கிய 3ஆம் வார்டில்தான் சாவந்த் போட்டியிட்டார்.

மாநிலம் போட்ட பூட்டு

வாடகைக் கட்டுப்பாட்டை நகர மன்றம் விரும்பினாலும் கொண்டுவர முடியாது. வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1981இல் இயற்றிய சட்டம், எந்த நகராட்சியும் தனியார் குடியிருப்புகளின் வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கிறது. நகர மன்ற உறுப்பினர் ஒன்பது பேரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் அந்தத் தடை அசையாது.

இதை அறிந்தே அவர் வாடகைக் கட்டுப்பாட்டைத் தன் பிரச்சாரத்தின் நடுவில் வைத்தார். அது நேர்மையானதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. என் கருத்தில் கேள்வி நியாயமானது, ஆனால் விடை எளிதல்ல. கையில் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டி வாக்குக் கேட்பது ஏமாற்று. சாவந்த் அப்படிச் செய்யவில்லை; மாநிலத் தடை இருப்பதையும் அதை நீக்க இயக்கம் கட்டவேண்டும் என்பதையும் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் சுவரொட்டியில் இருக்கும் இரண்டு சொற்களில் அந்த விளக்கத்துக்கு இடமில்லை. மாதா மாதம் வாடகைக்குத் திண்டாடும் ஒருவர் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து வாக்களித்தால், அவர் எதிர்பார்த்தது அடுத்த ஆண்டு கிடைக்கும் நிவாரணமே தவிர பத்தாண்டுப் போராட்டம் அல்ல.

2015 ஜூலையில் சியாட்டிலின் டவுன் ஹால் அரங்கில் வாடகைக் கட்டுப்பாடு பற்றி ஒரு பொது விவாதம் நடந்தது. சாவந்தும் மூத்த மன்ற உறுப்பினர் நிக் லிகாட்டாவும் ஒரு பக்கம்; மாநிலப் பிரதிநிதி மேட் மான்வெல்லரும் கட்டுநர் தரப்பின் கருத்தை முன்வைத்த ராஜர் வால்டெசும் மறுபக்கம். அவ்வாண்டு செப்டம்பரில், தடையை நீக்குமாறு மாநிலச் சட்டமன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் நகர மன்றத்தில் நிறைவேறியது. சட்டமன்றம் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும், இரண்டாண்டுகளுக்கு முன்புவரை விளிம்பில் நின்றவர்களின் பேச்சாகக் கருதப்பட்ட ஒன்று நகரத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடாக ஆகிவிட்டது.

சிறு சட்டங்களின் வரிசை

முதல் வெற்றி ஒரு சட்டமே அல்ல. 2014இல், ஏழைகளுக்கான பொதுக் குடியிருப்புகளை நடத்தும் சியாட்டில் வீட்டுவசதி ஆணையம், வேலை செய்யத்தக்க நிலையில் இருப்பவர்களின் வாடகையைச் சில ஆண்டுகளில் 400 விழுக்காடு வரை உயர்த்தக்கூடிய திட்டமொன்றை முன்வைத்தது. குடியிருப்போர் திரண்டு எதிர்த்தனர். அவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். சாவந்தின் அலுவலகம் அவர்களோடு சேர்ந்து கூட்டங்களை ஒருங்கிணைத்தது. ஆணையம் திட்டத்தைக் கைவிட்டது. மன்ற உறுப்பினரின் அலுவலகமே போராட்டக் களத்தின் ஒரு பகுதியாக இயங்கும் இந்த முறைதான் பின்னர் ஒவ்வொரு சட்டத்துக்கும் வழியமைத்தது.

அடுத்தது 2015இல் நகரின் தென்பகுதியில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம். சுவரில் பூஞ்சை, சமையலறையில் கரப்பான்பூச்சி, வேலை செய்யாத வெப்பக் கருவி. குடியிருந்தவர்களில் பலர் சோமாலியாவிலிருந்து வந்த குடும்பங்கள். கட்டடத்தைப் புதிதாக வாங்கிய உரிமையாளர் பழுதுகளைச் சரிசெய்வதற்கு முன்பே வாடகையைப் பெருமளவு உயர்த்தி நோட்டீஸ் அனுப்பினார். சாவந்தும் லிகாட்டாவும் நேரில் சென்று பார்த்தனர். நகர ஆய்வாளர்கள் வந்து நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பதிவு செய்தனர். அதன் விளைவாக 2016 ஜூனில் நிறைவேறிய சட்டம், அடிப்படை வசதி விதிகளை மீறிய நிலையில் இருக்கும் வீட்டுக்கு அந்தக் குறைகளைச் சரிசெய்யும்வரை வாடகை உயர்த்தக் கூடாது என்று சொன்னது. அந்த உரிமையாளரின் பெயராலேயே அச்சட்டத்தை ஊரார் அழைக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வாடகை எவ்வளவு இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 1981 தடையில் மாட்டியிருக்கும். எப்போது உயர்த்தலாம் என்று மட்டுமே சொன்னது. தொகையைத் தொடாமல், உயர்வு நிகழும் சூழ்நிலையையும் காலத்தையும் ஒழுங்குபடுத்தும் இந்த உத்தியைத்தான் அதன்பின் வந்த சட்டங்களும் கையாண்டன.

2016 டிசம்பரில் ஒருமனதாக நிறைவேறிய முன்பணச் சட்டம் வெளியில் அதிகம் பேசப்படாதது. ஆனால் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத வாடகைக்கு ஈடான காப்புத்தொகை என்று கேட்பது வழக்கம். சாவி கைக்கு வருமுன் 5,400 டாலர் எண்ணி வைக்கவேண்டும். மாதம் 1,800 டாலர் வாடகை கட்டத் தக்க வருமானம் உள்ள ஒருவரிடமும் அந்த மொத்தத் தொகை கையிருப்பில் இருக்காது. புதிய சட்டம் காப்புத்தொகையும் திருப்பித் தரப்படாத கட்டணங்களும் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தத்தில் காப்புத்தொகையையும் கடைசி மாத வாடகையையும் ஆறு தவணைகளில் செலுத்தலாம் என்றும் உரிமை கொடுத்தது. அதே வீட்டுக்கு இப்போது முதல் மாதத்தில் தேவைப்படுவது 1,800 டாலரும் இரண்டு 300 டாலர் தவணைகளும், ஆக 2,400 டாலர். உரிமையாளருக்கு வரவேண்டிய தொகையில் ஒரு காசும் குறையவில்லை. குடிபுகும் வாசலில் நின்ற தடை மட்டும் தாழ்ந்தது.

வெளியேற்ற வழக்குகள்

சியாட்டில் நகரின் மகளிர் ஆணையமும் கிங் கவுன்ட்டி வழக்கறிஞர் சங்கத்தின் வீட்டுவசதி நீதித் திட்டமும் சேர்ந்து, 2017இல் நகரில் பதிவான 1,218 வெளியேற்ற வழக்குகளை ஆராய்ந்து அடுத்த ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. வாடகைப் பாக்கிக்காகத் தொடரப்பட்ட வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பாக்கி ஒரு மாத வாடகையோ அதற்கும் குறைவோதான். அப்போதைய மாநிலச் சட்டப்படி, பாக்கியைக் கட்டு அல்லது வெளியேறு என்ற நோட்டீஸுக்கு மூன்றே நாள் அவகாசம். நோட்டீஸ் வெள்ளிக்கிழமை கதவில் ஒட்டப்பட்டால், அடுத்த சம்பளம் வருவதற்குள் அவகாசம் முடிந்துவிடும். மாநிலச் சட்டமன்றம் இதை 2019இல் பதினான்கு நாட்களாக நீட்டித்தது. அந்த மாற்றத்துக்கான சான்றுகளில் இந்த அறிக்கைக்கு முக்கிய இடம் உண்டு.

நீதிமன்றத்துக்குப் போனால் நிலைமை இன்னும் ஒருதலைப்பட்சம். உரிமையாளரின் சார்பில் பெரும்பாலும் வழக்கறிஞர் இருப்பார். வாடகைதாரர் தனியாக, பல நேரம் வேலைக்கு விடுப்புப் போட முடியாமல், வராமலே போய்விடுவார். வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு தானாக வந்துவிடும். ஒரு முறை பதிவான வெளியேற்ற வழக்கு, அடுத்த வீட்டு உரிமையாளர் பின்னணியைச் சரிபார்க்கும்போதெல்லாம் தலைகாட்டும். 2021 மார்ச்சில் சாவந்த் முன்மொழிந்து மன்றம் ஒருமனதாக ஏற்ற சட்டம், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற வாடகைதாரருக்கு வெளியேற்ற வழக்கில் இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியது. சில வாரங்களில் வாஷிங்டன் மாநிலமே அதேபோன்ற உரிமையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுதான். நகரத்தில் முளைத்த கோரிக்கையும் மாநிலத் தலைநகரில் முளைத்த கோரிக்கையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னேறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதற்கு ஓராண்டு முன்பு, 2020 பிப்ரவரியில், குளிர்கால வெளியேற்றத் தடை நிறைவேறியிருந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதங்கள் என்று சாவந்த் முன்வைத்ததை மன்றம் டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் முதல் தேதிவரை என்று மூன்று மாதங்களாகக் குறைத்தது. நான்கு வீடுகளோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு விலக்கு அளித்தது. எழுவர் வாக்களித்து ஒருவரும் எதிர்க்காமல் அது நிறைவேறினாலும், மேயர் ஜென்னி டர்கன் அதில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். கையெழுத்தின்றியே அது சட்டமானது. இச்சட்டம் வாடகையைத் தள்ளுபடி செய்வதில்லை. பாக்கி பாக்கியாகவே நிற்கும். மழையும் குளிரும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்பதே அதன் முழு உள்ளடக்கம். உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குளிர்காலத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் கல்வியாண்டு முழுவதும் இதே பாதுகாப்பை நீட்டிக்கும் சட்டம் 2021 ஜூனில் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய இரண்டு சட்டங்களில்தான் மேலே சொன்ன உத்தி அதன் எல்லையைத் தொட்டது. ஒன்று, எந்த வாடகை உயர்வுக்கும் 180 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. அதுவரை இருந்தது 60 நாள். மற்றொன்று, பன்னிரண்டு மாதங்களில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வாடகை உயர்ந்து, அதனால் குறைந்த வருமானமுள்ள வாடகைதாரர் வெளியேற நேர்ந்தால், உரிமையாளர் மூன்று மாத வாடகையை இடமாற்ற உதவித்தொகையாகத் தரவேண்டும் என்றது. தொகையை நகர நிர்வாகம் முதலில் வாடகைதாரருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்கும். உயர்த்துவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் பெரிதாக உயர்த்துவதற்கு ஒரு விலை வைக்கப்பட்டது. வாடகைக் கட்டுப்பாடு தடை செய்யப்பட்ட ஒரு மாநிலத்தில் ஒரு நகரம் இதைவிட அதற்கு நெருக்கமாகப் போக முடியாது.

பணத்துக்கான போராட்டம்

வாடகைதாரர் உரிமை ஒரு பக்கம் என்றால், கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டுவதற்கான பணம் மறுபக்கம். 2016இல் வடக்கு சியாட்டிலில் கட்டத் திட்டமிட்டிருந்த மிக விலை உயர்ந்த காவல் நிலையத்துக்கு எதிராகப் போராட்டம் எழுந்தபோது, அந்த அளவுப் பணத்தில், அதாவது 16 கோடி டாலரில், ஆயிரம் வீடுகள் கட்டலாம் என்று சாவந்த் வாதிட்டார். மன்றம் இறுதியில் ஒதுக்கியது 2.9 கோடி டாலர் கடன் பத்திரம். கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் போராட்டம் இல்லாதிருந்தால் அதுவும் வந்திருக்காது.

2018இன் கதை இன்னும் கடுமையானது. ஆண்டு வருவாய் இரண்டு கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் ஒவ்வொரு ஊழியருக்கும் 275 டாலர் வரி செலுத்தவேண்டும், அந்தப் பணம் வீடுகளுக்கும் வீடற்றோருக்கும் போகவேண்டும் என்று மே மாதம் மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் வாக்களித்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 கோடி டாலர் எதிர்பார்க்கப்பட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே அமேசான் ஒரு கட்டடப் பணியை நிறுத்திவைத்திருந்தது. சட்டத்தை ரத்து செய்யக் கோரும் பொதுவாக்கெடுப்புக்குக் கையெழுத்து திரட்டும் பணி தொடங்கியதும், நான்கே வாரங்களில் அதே மன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. எதிர்த்து நின்றவர்கள் சாவந்தும் தெரேசா மொஸ்கேடாவும் மட்டுமே. தாங்களே ஒருமனதாக நிறைவேற்றியதை ஒரு மாதத்தில் தாங்களே அழித்த அந்த எழுவரின் செயலை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்று நான் கருதுகிறேன். வீடின்றித் தெருவில் உறங்கியவர்களின் நிலையில் அந்த நான்கு வாரங்களில் எந்த மாற்றமும் ஏற்பட்டிருக்கவில்லை.

2019 தேர்தலில் அமேசான் நிறுவனம், சியாட்டில் வணிகச் சபையின் அரசியல் நிதிக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தது. 3ஆம் வார்டில் சாவந்தின் எதிராளி ஈகன் ஓரியன் முதல் நாள் எண்ணிக்கையில் முன்னிலை வகித்தார். இறுதியில் சாவந்த் ஏறத்தாழ 52 விழுக்காடு பெற்று வென்றார். ஒரு நகர மன்ற இடத்துக்கு இவ்வளவு பெருநிறுவனப் பணம் பாய்ந்தது வாக்காளர்களைச் சீற்றமடையச் செய்தது என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். 2020 ஜூலையில் மொஸ்கேடா முன்மொழிந்த ஊதியப் பட்டியல் வரி ஏழுக்கு இரண்டு என்று நிறைவேறியது. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் ஊதியங்களின் மீது விதிக்கப்பட்ட இந்த வரி ஆண்டுக்கு 21.4 கோடி டாலர் தரும் என்று மதிப்பிடப்பட்டது. 2018இல் அழிக்கப்பட்டதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வரியை வடிவமைத்த பெருமை மொஸ்கேடாவுக்கு உரியது. அதற்குமுன் பல மாதங்கள் அமேசான் மீது வரி கோரித் தெருவில் கையெழுத்து திரட்டியதும், தேவைப்பட்டால் மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோவோம் என்ற அழுத்தத்தை உருவாக்கியதும் சாவந்தின் இயக்கம். கைவிடக் கூடாத வேலைப் பிரிவினை இது: ஒருவர் கதவைத் தட்ட, மற்றொருவர் உள்ளே பேசி முடித்தார். பிற்காலத்தில் நகர நிர்வாகம் பொதுச் செலவுப் பற்றாக்குறையை அடைக்க இந்தப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

நிறைவேறாத முழக்கமும் அதற்கு எதிரான வாதங்களும்

2021 டிசம்பரில் சாவந்தைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 310 வாக்கு வித்தியாசத்தில் அவர் பதவியைத் தக்கவைத்தார். 2023 ஜனவரியில் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் தேதி, அவருடைய வாடகைக் கட்டுப்பாட்டு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. மாநிலத் தடை என்றைக்கு நீங்குகிறதோ அன்றைக்கு நடைமுறைக்கு வரும்படியும், உயர்வைப் பணவீக்க அளவுக்குள் கட்டுப்படுத்தும்படியும் அது எழுதப்பட்டிருந்தது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஆறு. அவருடன் நின்றவர் டாமி மொரேல்ஸ் மட்டும்.

எதிர்த்தவர்களின் வாதத்தை நியாயமாக எடைபோடவேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் வாடகைக் கட்டுப்பாடு சிறிய பழைய கட்டடங்களுக்கும் விரிவாக்கப்பட்டதை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். கட்டுப்பாடு இருந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் அதே முகவரியில் தொடர்ந்து வாழும் வாய்ப்பு கணிசமாக உயர்ந்தது. அதே வேளையில் அக்கட்டடங்களின் உரிமையாளர்கள் வீடுகளை விற்பனைக்கு மாற்றியும் இடித்துக் கட்டியும் வாடகை வீடுகளின் எண்ணிக்கையை 15 விழுக்காடு குறைத்தனர். நகர் முழுவதும் வாடகை ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்ந்தது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 2021இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 3 விழுக்காட்டு வரம்பு புதிய கட்டடங்களுக்கும் பொருந்தியதால் கட்டட அனுமதி விண்ணப்பங்கள் சரிந்தன; அடுத்த ஆண்டே நகர மன்றம் புதிய கட்டடங்களுக்கு இருபதாண்டு விலக்கு அளித்தது. சாவந்தின் மசோதா இத்தகைய விலக்குகள் அற்ற, முழுமையான வடிவத்தை வலியுறுத்தியது. அது அதன் பலவீனம் என்றே நான் நினைக்கிறேன். இருப்பவரை இருக்கும் இடத்தில் காப்பதும், வரப்போகிறவருக்கு வீடு கட்டப்படுவதும் ஒரே நேரத்தில் நடந்தாகவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் புறநகருக்குப் போகவேண்டியதுதான்.

வீடு கட்டும் பக்கத்தில் அவருடைய குரல் குறைவாகவே ஒலித்தது. தனியார் கட்டுநர்களை நம்பினால் ஏழைகளுக்கு வீடு வராது என்ற அவருடைய வாதம் உண்மையே. ஆனால் அப்போது தனிவீட்டுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்த முக்கால் பங்கு நிலத்தைத் திறந்துவிடாமல், பொதுப் பணத்தில் கட்டும் வீடுகளுக்கும் இடம் கிடைத்திருக்காது. அடர்த்தியை உயர்த்தி, அதற்கு ஈடாகக் கட்டுநர்களிடம் கட்டுப்படியாகும் வீடுகளையோ பணத்தையோ பெறும் திட்டத்தை 2019 மார்ச்சில் மன்றம் ஒருமனதாக ஏற்றபோது அவரும் ஆதரித்து வாக்களித்தார். எனினும் வாடகைதாரர் சட்டங்களுக்குக் கொடுத்த இடைவிடாத உழைப்பை அவர் இதற்குக் கொடுக்கவில்லை.

சிறு உரிமையாளர்களின் மனக்குறையையும் புறந்தள்ள முடியாது. ஒன்றிரண்டு வீடுகளை வைத்துக்கொண்டு அந்த வாடகையில் கடன் தவணை கட்டுபவருக்கு, அடுத்தடுத்து வந்த விதிகளைப் படித்துப் பின்பற்றுவதே சுமையாக இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் வெளியேற்ற வழக்குகள் நீதிமன்றத்தில் நீண்டு, வாடகைப் பாக்கி குவிந்தபோது, ஏழைகளுக்காகவே வீடு நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் நெருக்கடியை உணர்ந்தன. அவை அரசியல் எதிரிகள் அல்ல. அதே வாடகைதாரர்களுக்காக உழைப்பவை. வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும் சட்டத்துக்குப் பக்கத்தில், பாக்கியை அடைக்க விரைவாகக் கிடைக்கும் வாடகை உதவி நிதியும் இருந்தாகவேண்டும் என்பது அவர்கள் அனுபவத்திலிருந்து கிடைக்கும் பாடம்.

2025க்குப் பிறகு

2025 மே மாதம் வாஷிங்டன் ஆளுநர் பாப் ஃபெர்குசன் மாநிலம் தழுவிய வாடகை வரம்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டு வாடகை உயர்வு பணவீக்கத்தோடு 7 விழுக்காடு, அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடிபுகுந்த முதல் பன்னிரண்டு மாதங்களில் உயர்வே கூடாது. 2013இல் சாவந்த் கேட்டதோடு ஒப்பிட்டால் இந்த வரம்பு மிகத் தளர்வானது. ஊதியம் எவருக்கும் ஆண்டுதோறும் பத்து விழுக்காடு உயர்வதில்லை. நகரங்கள் தாங்களே வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற 1981 தடையும் அப்படியே இருக்கிறது. ஆனால் வாடகைக்கு வரம்பு வைப்பது என்ற கருத்தையே முற்றாக விலக்கிவைத்திருந்த ஒரு சட்டமன்றம் அந்தக் கருத்தை ஏற்றது என்பது பெரிய நகர்வு. இதற்குப் பாடுபட்ட மாநில அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் பலர். சியாட்டிலில் பத்தாண்டுகள் இடைவிடாது எழுந்த குரல் அதற்கான களத்தைப் பண்படுத்தியது என்று சொல்வதில் மிகையில்லை.

புதிய மாநிலச் சட்டம் சியாட்டிலின் 2021 சட்டங்களைச் செயலற்றதாக்கிவிட்டதா என்ற கேள்வி இப்போது எழுகிறது. பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதே சட்டவிரோதம் என்று ஆனபின், பத்து விழுக்காட்டில் தொடங்கும் இடமாற்ற உதவித்தொகைக்கு வேலை குறைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மாநிலச் சட்டம், முதன்முதலாகக் குடியிருப்புச் சான்று பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அமேசான் காலத்தில் கட்டிக் குவித்த சியாட்டிலில் அத்தகைய அடுக்குமாடிகள் ஏராளம். அவற்றில் இன்றும் உரிமையாளர் விரும்பிய அளவு வாடகையை உயர்த்தலாம். அங்கே குடியிருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நகர மன்றம் கொடுத்த 180 நாள் முன்னறிவிப்பும் வெளியேற நேர்ந்தால் கிடைக்கும் மூன்று மாத வாடகையும்தான். முன்னறிவிப்பு விஷயத்தில் மாநிலச் சட்டம் கேட்பது 90 நாள். சியாட்டிலில் பழைய கட்டடமானாலும் புதியதானாலும் அதன் இரு மடங்கு அவகாசம் கிடைக்கிறது: பள்ளியாண்டை முடிக்க, வேறு வீடு தேட, முன்பணம் சேர்க்க ஆறு மாதம். இந்தச் சட்டங்களைத் தளர்த்தவேண்டும் என்ற கோரிக்கை 2024இல் பொறுப்பேற்ற மன்றத்தில் எழுந்தது. ஆகவே வரும் தேர்தல்களில் 3ஆம் வார்டு உட்பட எந்த வார்டின் வேட்பாளரிடமும் வாடகைதாரர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த 180 நாட்களைத் தொடாமல் விடுவீர்களா என்பதே.